காடு யாருக்கு? வேடிக்கை யாருக்கு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கூலி, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா என்று பேச வேண்டிய இடத்தில் காட்டு மிருகங்களைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு காட்டில் மிருகத்தைக் கொண்டுவந்து விடுவதற்காக மனிதனைக் கிளப்பி வெளியே அனுப்பினால், அவன் எங்கே போகிறான்? பண்ணையில் கூலிக்குப் போகிறான். கல் குவாரிக்குப் போகிறான். நேற்று வரை காட்டில் தன் மரம், தன் நிலம் என்று வாழ்ந்தவன், இன்று நம்மைப் போல் கையை மட்டும் நம்பி வாழ்கிறவனாக ஆகிறான். ஆகவே இது நம் வர்க்கத்தின் கதைதான்.

அந்தக் கதை நடந்த இடம் மத்தியப் பிரதேசத்தில் ஷியோப்பூர் மாவட்டத்தில் இருக்கும் குனோ காடு. குனோ என்பது சம்பல் நதியில் போய்க் கலக்கும் ஒரு ஆறு. அந்த ஆற்றங்கரைக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சஹாரியா என்னும் ஆதிவாசி மக்கள். மானாவாரியாகக் கொஞ்சம் பயிர் வைப்பார்கள், மாடு வளர்ப்பார்கள், காட்டு மரங்களில் பிசின் எடுப்பார்கள், இலுப்பைப் பூ பொறுக்குவார்கள், பீடி இலை பறிப்பார்கள். நெல்லைச் சீமையில் பீடி சுற்றும் நம் சகோதரிகளின் முறத்தில் கிடக்கும் இலை மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்தும் வருவதுதான். அதைப் பறிக்கும் கை ஆதிவாசியின் கை. இந்த மரம் இன்ன குடும்பத்துடையது என்று அவர்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருந்தது. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. ஆனால் யாரும் அடுத்தவன் மரத்தில் கை வைக்க மாட்டார்கள்.

மிருகத்தை அழித்தது யார்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தக் காடுகளில் மிருகம் ஏன் இல்லாமல் போயிற்று? ஆதிவாசி வேட்டையாடி அழித்துவிட்டான் என்று பட்டணத்துக் கனவான்கள் சொல்கிறார்கள். சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

சிவிங்கிப்புலி என்றொரு மிருகம். ஆங்கிலத்தில் சீட்டா என்பார்கள். நம் மலைக்காடுகளில் இருக்கும் சிறுத்தை வேறு, இது வேறு. சிறுத்தைக்கு உடம்பில் பூப்பூவாகப் புள்ளி. சிவிங்கிப்புலிக்குப் பொட்டு வைத்தது போல் உருண்டையான கரும்புள்ளி. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போல் ஒரு கறுப்புக் கோடு. தரையில் ஓடும் பிராணிகளில் இதைப் போல் வேகமாக ஓடுவது வேறொன்றில்லை. காட்டில் வாழும் சிவிங்கிப்புலி மனிதனைக் கொன்றதாக நம்பத்தக்க பதிவு கிடையாது.

அந்தச் சாதுவான குணமே அதற்குக் கேடாயிற்று. பாதுஷாக்களும் ராஜாக்களும் அதைப் பிடித்து, கண்ணைக் கட்டிப் பழக்கி, மான் வேட்டைக்கு நாய் போல் வைத்துக்கொண்டார்கள். அரண்மனையில் அடைத்து வைத்தால் அது குட்டி போடுவது மிக அரிது. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் காட்டிலிருந்து புதிதாகப் பிடித்துவர வேண்டியிருந்தது. பிடித்தார்கள், பிடித்தார்கள், காடு காலியாகும் வரை பிடித்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் தன் பங்குக்கு அதைத் தீங்கு விலங்கு என்று பட்டியலில் சேர்த்து, கொன்றால் பரிசு என்று அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டில் இங்கே பிடிக்கக் கிடைக்காமல் போனபோது சமஸ்தானாதிபதிகள் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கி வந்து வேட்டை விளையாட்டை நடத்தினார்கள். கடைசியாக 1947இல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா என்னும் சமஸ்தானத்தின் ராஜா, இரவு வேட்டையில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் அது இருப்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அற்றுப்போன இனம் என்று 1952இல் சர்க்கார் அறிவித்தது.

சிங்கத்தின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் வட இந்தியா முழுவதும் உலாவிய ஆசியச் சிங்கம் துப்பாக்கிக்கு இரையாகி, கடைசியில் குஜராத்தில் கிர் காட்டில் மட்டும் மிஞ்சியது. இதில் ஒரு கேலிக்கூத்தையும் கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாலியர் மகாராஜா ஆப்பிரிக்கச் சிங்கங்களை வரவழைத்து, இதே ஷியோப்பூர்ப் பக்கத்துக் காடுகளில் விட்டார். வேட்டையாட மிருகம் வேண்டுமே! அந்தச் சிங்கங்கள் குடியானவர்களின் மாடுகளை அடித்தன, ஆட்களையும் அடித்தன. பிறகு அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். மகாராஜாவின் பொழுதுபோக்குக்கு யார் விலை கொடுத்தது? மாட்டுக்குச் சொந்தக்காரன் கொடுத்தான். பிணத்தைத் தூக்கிய குடும்பம் கொடுத்தது.

சிங்கம் வருகிறது, நீ கிளம்பு!

மிருகங்களை மீண்டும் குடியேற்றும் யோசனையையே நாம் எதிர்க்கிறோமா? இல்லை. விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் சரியானது. ஒரு இனம் முழுவதும் ஒரே காட்டில் இருந்தால் ஒரு கொள்ளைநோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். 2018இல் கிர் காட்டில் நாய்களிடம் காணப்படும் ஒருவகை வைரஸ் நோய் பரவி, இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. எல்லா விதை நெல்லையும் ஒரே குதிரில் கொட்டிவைக்காதே என்று நம் வீட்டுக் கிழவி சொல்வாளே, அதே நியாயம்தான். இரண்டாவது வீடு வேண்டும் என்று தேடி, 1990களில் குனோவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேர்ந்தெடுத்ததும் சஹாரியா மக்களுக்கு உத்தரவு வந்தது. 1998க்கும் 2003க்கும் இடையில் 24 கிராமங்களைக் கிளப்பினார்கள். சுமார் 1,500 குடும்பங்கள். குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் ஒரு திட்டம். 2 ஹெக்டேர் நிலம். காகிதத்தில் பார்த்தால் நம்மில் பலருக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ஐந்து ஏக்கர் நிலம் வைத்திருக்கும் விவசாயத் தொழிலாளி நம்மில் யார் இருக்கிறார்கள்?

ஆனால் நிலம் என்பது காகிதத்தில் இருக்கும் எண் அல்ல என்பது ஏர் பிடித்தவனுக்குத் தெரியும். கிடைத்ததில் பெரும்பகுதி கல்லும் கரடுமான பூமி. நல்ல தண்ணீர் வசதி இல்லாமல் 2 ஹெக்டேர் இருந்தென்ன, 20 ஹெக்டேர் இருந்தென்ன? காட்டில் மழை பொய்த்த வருஷம் பிசின் சோறு போடும். பூவும் கிழங்கும் வயிற்றைக் காக்கும். புது இடத்தில் மழை பொய்த்தால் கடன்தான், கூலிதான். மேய்ச்சல் இல்லாததால் மாடுகளையும் பலர் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்த மாடுகள் காட்டுமாடுகளாக அலைந்தன. மாட்டுக்காரர்கள் கூலிக்காரர்களாக அலைந்தார்கள். ராஜஸ்தான் பக்கத்து வயல்களுக்கு அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு போகும் கூட்டத்தில் அவர்களும் சேர்ந்தார்கள். 2016இல் இதே ஷியோப்பூர் மாவட்டத்தில் குழந்தைகள் சத்துணவின்றிச் செத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கும்.

சரி, இவ்வளவு பேரைக் கிளப்பினார்களே, சிங்கம் வந்ததா? வரவில்லை! குஜராத் சர்க்கார் கொடுக்க மறுத்தது. சிங்கம் எங்கள் மாநிலத்தின் பெருமை என்றது. 2013 ஏப்ரல் 15இல் சுப்ரீம் கோர்ட்டு, ஆறு மாதத்துக்குள் சிங்கங்களைக் குனோவுக்கு அனுப்பும் பணியைச் செய்து முடியுங்கள் என்று தீர்ப்பளித்தது. அதற்கும் ஒரு சிங்கம்கூடக் குனோவில் காலடி வைக்கவில்லை. 2025இல் எடுத்த கணக்கின்படி குஜராத்தில் 891 சிங்கங்கள். அவை காட்டை விட்டு வெளியே வந்து வயல்களிலும் கடற்கரையிலும் திரிகின்றன.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் ஆறு மாதக் கெடுவை ஒரு மாநில சர்க்கார் காற்றில் விடலாம். அதற்குத் தண்டனை இல்லை. காட்டிலாகா உத்தரவை ஒரு சஹாரியா மீற முடியுமா? குடிசையை ஒரு வாரம் தள்ளிக் காலி செய்கிறேன் என்று சொல்ல முடியுமா? சட்டம் ஒன்றுதான், அது வளையும் பக்கம் வேறு.

சிவிங்கிப்புலி வந்தது

சிங்கத்துக்காகக் காலி செய்த காட்டில் கடைசியில் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி வந்து இறங்கியது. 2022 செப்டம்பர் 17இல் நமீபியாவிலிருந்து எட்டு. 2023 பிப்ரவரி 18இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. விமானம், ஹெலிகாப்டர், காமிரா, பிரமுகர்கள்! அந்த ஆரவாரத்தில் இருபது வருஷத்துக்கு முன் போன 1,500 குடும்பங்களைப் பற்றிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மிருகங்களும் சுகமாக இருந்துவிடவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் வந்த பிராணிகள். 2023இல் வரிசையாகப் பல செத்தன. கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டையின் அடியில் மழைக்காலத்தில் புண் வந்து, புழு வைத்துச் செத்தவையும் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு தாய் நான்கு குட்டிகள் போட்டது. மே மாத வெயிலில் மூன்று மடிந்தன. மிஞ்சிய ஒரு பெண்குட்டியை ஊழியர்கள் கையால் வளர்த்தார்கள். அந்தக் குட்டியே 2025 நவம்பரில் தாயாகி ஐந்து குட்டிகளை ஈன்றது. இந்த மண்ணில் பிறந்தது இந்த மண்ணில் பெற்றது. இது நல்ல செய்திதான். அதை வளர்த்த ஊழியர்களின் உழைப்பை நாம் பாராட்டுகிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிருகத்துக்குச் சர்வே எல்லை தெரியாது. சிவிங்கிப்புலிகள் குனோவை விட்டு வெளியேறிக் கிராமங்களுக்கும் கடுகு வயல்களுக்கும் போயிருக்கின்றன. ராஜஸ்தான் வரை போயிருக்கின்றன. 2025இல் மாட்டின் மேல் பாய்ந்த ஒரு தாய்ப்புலியைக் கிராமத்தார் கல்லெறிந்து விரட்டினார்கள். அடுத்த சில நாட்களில் தாகத்தோடு நிழலில் படுத்திருந்த தாய்க்கும் குட்டிகளுக்கும் காட்டிலாகாவில் வேலை செய்த ஒரு ஓட்டுநர் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். காட்டு மிருகத்தை மனிதனிடம் பழக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியில் நியாயம் உண்டு. இலாகா அவர் மீது நடவடிக்கை எடுத்தது. நாம் சொல்வது வேறு. காட்டுக்கு வெளியே போன மிருகம் பிழைப்பதும் சாவதும் யார் கையில் இருக்கிறது? வயலில் நிற்கும் கூலிக்காரன் கையில். கல்லெடுப்பதும் அவன்தான், தண்ணீர் கொடுப்பதும் அவன்தான். அவனைப் பகைத்துக்கொண்டு எந்தச் சர்க்காரும் ஒரு மிருகத்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.

வேடிக்கை பார்ப்பது யார்?

இப்போது குனோவில் உல்லாசப் பயணம் வளர்க்கிறார்கள். 2023 முதல் கூடார விடுதி, திருவிழா, ஜீப்புச் சவாரி. காட்டைச் சுற்றி நிலத்தின் விலை ஏறுகிறது என்று 2022லேயே செய்தி வந்தது. ஓட்டல் கட்ட வெளியூர்ப் பணம் வருகிறது. உள்ளூர் மக்களுக்கு என்ன? சிலருக்கு வழிகாட்டி வேலை, சிலருக்கு ஓட்டுநர் வேலை, சிலருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. எந்தக் காட்டில் தான் பிசின் எடுத்தானோ அந்தக் காட்டுக்குள் சீட்டு வாங்காமல் சஹாரியா நுழைய முடியாது, நுழைந்தால் குற்றம். பணம் கட்டியவன் ஜீப்பில் நுழைந்தால் அதற்குப் பெயர் இயற்கை ரசனை!

உல்லாசமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நமக்கென்று போராடியவர்கள் நாம். பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கும் ஆலைத் தொழிலாளிக்குத்தான் மலைக்காற்று மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தேவை. அதற்காகச் சிறை சென்ற தொழிலாளர்களும் சரித்திரத்தில் உண்டு.

கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோமே, அந்த மான்செஸ்டருக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மலை. அது பிரபுவின் சொத்து. வருஷத்தில் சில நாள் பிரபுக்கள் வந்து கௌதாரி போன்ற ஒரு பறவையைச் சுடுவதற்காக, மற்ற நாளெல்லாம் காவலாள் வைத்துத் தொழிலாளியை உள்ளே விடாமல் தடுத்தார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சில நூறு இளம் தொழிலாளர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அந்த மலைமேல் ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன், இருபது வயது வாலிபர், இளம் கம்யூனிஸ்ட். காவலாட்களோடு தள்ளுமுள்ளு நடந்தது. ஆறு பேர் கைது, ஐந்து பேருக்குச் சிறை. மலை ஏறியதற்காகச் சிறையா என்று நாடே கொதித்தது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதை உரிமைக்கும் சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அந்த மலையைச் சேர்த்துத்தான் அமைந்தது. 2000இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. 2002இல் அந்தப் பிரபுவின் பேரன், எங்கள் தாத்தா செய்தது தவறு என்று பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். அறுபத்தெட்டு வருஷப் போராட்டம், எழுபதாவது வருஷம் மன்னிப்பு!

அங்கே தொழிலாளி வெளியிலிருந்து மலைக்குள் போகும் உரிமை கேட்டான். குனோவில் ஆதிவாசி, உள்ளே இருந்த தன்னை வெளியே தள்ளாதே என்கிறான். இரண்டும் ஒரே கேள்விதான்: பூமி சிலரின் பொழுதுபோக்குக்கா, எல்லோருடைய வாழ்வுக்கா?

மனிதனும் புலியும் சேர்ந்து வாழ முடியாதா?

ஆட்கள் இருந்தால் மிருகம் பிழைக்காது, வேறு வழியே இல்லை என்பார்கள். நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழ்வோர் சோளிகர் என்னும் ஆதிவாசிகள். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி 2011இல் அவர்களுடைய கிராம சபைகளுக்குக் காட்டின் மேல் சமூக உரிமை கிடைத்தது. அதே வருஷம் அந்த மலை புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. மனிதன் இருந்ததால் புலி ஓடிவிட்டதா? 2010இல் 35 என்று கணக்கிட்ட புலிகள் 2014இல் 68 என்று கணக்கிடப்பட்டன. தேன் எடுக்கிறவனும் இருந்தான், புலியும் பெருகியது.

எல்லாக் காட்டிலும் இப்படியே நடக்கும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. சில இடங்களில் மிருகத்துக்குத் தனி இடம் தேவைப்படலாம். ஆனால் அதை யார் தீர்மானிப்பது? சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதலில் உரிமையை அங்கீகரி, சேர்ந்து வாழ வழியில்லை என்று நிரூபி, கிராம சபையின் சம்மதத்தை எழுத்தில் வாங்கு, போகும் இடத்தில் எல்லா வசதியும் செய்து முடி, பிறகுதான் கிளப்பு. குனோ மக்கள் போனபோது இந்தச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை வெளியேற்றும் வேலையை முன்னுரிமையோடு செய்யுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. குனோவில் 1,500 குடும்பம். இது அதைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல்!

தோழர்களே! இதில் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். நம் கோரிக்கைகளை எளிய வார்த்தைகளில் சொல்வோம்.

கிராம சபை எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு குடிசையும் நகரக் கூடாது. நிலமும் தண்ணீரும் முதலில், பயணம் பிறகு. மிருகம் அடித்த மாட்டுக்கும் பயிருக்கும் நஷ்டஈடு, பசி வருவதற்குள் வர வேண்டும். நுழைவுச் சீட்டுப் பணத்தில் அந்தக் காட்டு மக்களுக்கு உரிமைப் பங்கு வேண்டும். அது தர்மமாக அல்ல, பாக்கியாகத் தர வேண்டும். காட்டைக் காக்கும் வேலையில் தினக்கூலிகளாக அல்ல, நிரந்தர ஊழியர்களாக அவர்களை எடுக்க வேண்டும். மலையும் அருவியும் காண ஆலைத் தொழிலாளியும், வயலில் நாற்று நடும் பெண்ணும், அவர்கள் பிள்ளைகளும் குறைந்த செலவில் போய்வர வழி வேண்டும்.

ராஜாக்கள் சுட்டு அழித்ததை மீண்டும் உண்டாக்குவது நல்ல காரியம். அந்தக் கடனை ராஜாக்களின் கணக்கில் எழுதாமல் சஹாரியாவின் கணக்கில் எழுதியதுதான் அநியாயம். காடு செழிக்கட்டும். சிவிங்கிப்புலி ஓடட்டும். சிங்கமும் ஒரு நாள் வரட்டும். அவற்றோடு காட்டு மனிதனும் தலைநிமிர்ந்து அங்கே நிற்கட்டும். அடுத்த கிராமத்துக்கு உத்தரவு வரும்போது அந்த மக்கள் தனியாக நிற்கக் கூடாது. ஆலையும் வயலும் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.